தாய்மாமன் எப்படி இறந்தார் என்று டாக்டரிடம் சொன்னீர்களா?

கேள்வி: என் மகனுக்கு ஒரு வயது பத்து மாதம் ஆகிறது. ஆறு மாதம் வரை கொழுகொழுவென்று இருந்தான். அதற்குப் பிறகு காதில் சீழ் வடிவது நிற்கவே இல்லை. பதினோராவது மாதம் நிமோனியா வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பிறகு 'பிரைமரி காம்ப்ளக்ஸ்' (குழந்தைகளுக்கு வரும் காசநோய்) என்று சொல்லி ஆறு மாதம் மருந்து கொடுத்தார்கள். அது முடிந்த கையோடு மறுபடியும் நிமோனியா. இந்த முறை நெஞ்சில் சீழ் கட்டி, டியூப் போட்டு எடுத்தார்கள். எடை 8.9 கிலோதான் இருக்கிறான். என் தம்பி ஒன்றரை வயதில் மூளைக்காய்ச்சல் வந்து இறந்துவிட்டான். அம்மாவின் அண்ணன் ஒருவரும் கைக்குழந்தையாக இருந்தபோதே போய்விட்டாராம். பாட்டி குலதெய்வக் குறை என்கிறார். நான் அத்தை மகனைக் கட்டியதால்தான் இப்படி என்று அக்கம்பக்கத்தில் பேசுகிறார்கள். எதிர்ப்பு சக்தி வர என்ன டானிக் கொடுக்கலாம்? என் தங்கை இப்போது ஏழு மாதம் முழுகாமல் இருக்கிறாள். அவளுக்கும் பயம் பிடித்துக்கொண்டது.
— ஒரு வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

டானிக் எதுவும் வாங்காதீர்கள். எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் என்று லேபிள் ஒட்டி விற்கும் எந்தப் பாட்டிலும் உங்கள் மகனுக்கு உதவாது. அந்தப் பணத்துக்கு ரத்தப் பரிசோதனை செய்யலாம். என்ன பரிசோதனை என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் ஒன்று கேட்கிறேன். தம்பியைப் பற்றியும் அம்மாவின் அண்ணனைப் பற்றியும் எனக்கு எழுதியிருக்கிறீர்கள். இதை மகனைப் பார்க்கும் டாக்டர் யாரிடமாவது சொன்னீர்களா? பெரும்பாலும் சொல்லியிருக்க மாட்டீர்கள். அவர்களும் கேட்டிருக்க மாட்டார்கள். கூட்டம் நிற்கும் ஓ.பி.யில் 'சளி எத்தனை நாளாக இருக்கிறது?' என்று கேட்பதற்கே நேரம் போதாது, 'உங்கள் அம்மாவின் கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர், யாராவது சின்ன வயதில் இறந்தார்களா?' என்று யார் கேட்பது? ஆனால் உங்கள் கடிதத்திலேயே எனக்கு மிகவும் உதவியாக இருந்த வரிகள் அவைதான்.

சில குடும்பங்களைப் பற்றி 'அந்த வீட்டில் ஆண் பிள்ளை தங்காது' என்று ஊரில் சொல்வார்கள். பெண் குழந்தைகள் நன்றாக வளர்வார்கள், கல்யாணமாகிப் போவார்கள். அவர்கள் பெறும் ஆண் குழந்தைகளில் ஒன்றிரண்டு காய்ச்சலிலும் சளியிலும் போய்விடும். சாபம், தோஷம் என்று பெரியவர்கள் ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருப்பார்கள். காரணம் தவறு என்றாலும், அவர்கள் கவனித்த விஷயம் சரிதான். தாய்வழியில் ஆண் குழந்தைகளை மட்டும் தாக்கும் பரம்பரை நோய்கள் உண்மையிலேயே இருக்கின்றன. எதிர்ப்பு மண்டலத்தில் பிறவியிலேயே குறை வைக்கும் நோய்களில் சில அந்த வகைதான்.

இப்படிப்பட்ட பிறவிக் குறைகளில் 450க்கும் மேற்பட்டவை இன்று அடையாளம் காணப்பட்டுள்ளன. முதன்முதலில் தெளிவாகப் புரிந்தது ஒரு சிறுவனால்தான். 1952இல் வாஷிங்டனில் ராணுவ மருத்துவமனை ஒன்றில் ஆக்டன் புரூட்டன் என்ற குழந்தை மருத்துவர் எட்டு வயதுப் பையன் ஒருவனைப் பார்த்தார். அவனுக்கு நிமோனியாவும் ரத்தத்தில் கிருமி பரவுவதும் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தன. ரத்தத்தில் உள்ள புரதங்களைப் பிரித்துப் பார்த்தபோது, காமா குளோபுலின் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. கிருமிகளோடு மோதும் ஆன்டிபாடிகள் எல்லாம் அந்தப் பகுதியில்தான் இருக்கும். வெளியிலிருந்து காமா குளோபுலின் ஊசி போடத் தொடங்கியதும் தொற்றுகள் அடங்கின. பிறகு அந்த நோய்க்கு அவர் பெயரே வந்தது. அதற்குக் காரணமான பிடிகே என்ற மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பது 1993இல் தெரிந்தது.

உங்கள் மகன் விஷயத்தில் எனக்கு முதலில் எழும் சந்தேகம் இதுதான். ஏன் என்று சொல்கிறேன். கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் தாயின் ஆன்டிபாடிகள் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகும். சொந்தமாகத் தயாரிக்கத் தெரியாத குழந்தைகூட அந்தச் சீர்வரிசையை வைத்து நான்கைந்து மாதம் ஓட்டிவிடும். அது தீர்ந்த பிறகுதான் காதில் சீழ், நிமோனியா, மூளைக்காய்ச்சல் என்று ஒவ்வொன்றாக வரும். 'ஆறு மாதம் வரை நன்றாக இருந்தான்' என்று நீங்கள் எழுதியது இதோடு பொருந்துகிறது. தம்பி போன வயதும், போன விதமும்கூடப் பொருந்துகின்றன.

ஆனாலும் கடிதத்தைப் படித்துவிட்டு நோய்க்குப் பெயர் வைக்கக் கூடாது. அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது இரண்டு விஷயங்களைக் கேளுங்கள்.

ஒன்று, நிமோனியா இரண்டு முறையும் ஒரே இடத்தில் வந்ததா, வேறு வேறு இடத்திலா? பழைய எக்ஸ்ரேக்களையும் கொண்டுபோங்கள். திரும்பத் திரும்ப அதே இடத்தில் வந்தால் கோளாறு அந்த இடத்தில் இருக்கலாம். மூச்சுக்குழாயில் நிலக்கடலை சிக்கியிருந்து மாதக்கணக்கில் நிமோனியா என்று வைத்தியம் பார்க்கப்பட்ட குழந்தைகள் நிறைய உண்டு. வலது பக்கம் ஒரு முறை, இடது பக்கம் ஒரு முறை, காது, மூட்டு என்று இடம் மாறி மாறி வந்தால் குறை உடம்பு முழுவதற்குமானது என்று பொருள்.

இரண்டாவது, டான்சில். அடிக்கடி சளி பிடிக்கும் இரண்டு வயதுக் குழந்தைக்குத் தொண்டையின் இரு பக்கமும் டான்சில் பெருத்துத் தெரியும். புரூட்டன் நோயில் அது இருக்கிறதா என்று தேட வேண்டியிருக்கும். கழுத்தில் நெறிகூடக் கட்டாது. ஒரு டார்ச்சும் நாக்கை அழுத்தும் குச்சியும் இருந்தால் போதும். வீட்டில் நீங்களே முயல வேண்டாம்.

இப்போது பரிசோதனைகள். எடுத்தவுடனே மரபணு சோதனைக்கு ஓட வேண்டாம். முதல் படி எளிதானது: எல்லா அணுக்களையும் பிரித்துக் காட்டும் சிபிசி, அதோடு ஐஜிஜி, ஐஜிஏ, ஐஜிஎம் என்ற மூன்று வகை ஆன்டிபாடிகளின் அளவுகள். எச்ஐவி இல்லை என்பதையும் உறுதி செய்துகொள்ள வேண்டும். இதைச் சொன்னதும் பலர் முகம் சுளிப்பார்கள். எந்தக் குழந்தைக்கும் இந்த வரிசையில் அதுவும் ஒன்று, அவ்வளவுதான். ஆன்டிபாடியே உருவாகாத குழந்தைக்கு வழக்கமான எச்ஐவி சோதனை 'இல்லை' என்று தவறாகக் காட்டக்கூடும் என்பதால் பிசிஆர் முறையில் பார்ப்பார்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பல லேப்களில் ரிப்போர்ட்டின் ஓரத்தில் அச்சாகும் 'நார்மல்' அளவு பெரியவர்களுக்கானது. ஐஜிஜி பெரியவர்களுக்குச் சுமார் 700 முதல் 1600 வரை இருக்கும். இரண்டு வயதில் 550 இருந்தாலும் பயமில்லை. புரூட்டன் நோயில் அது பெரும்பாலும் 200க்கும் கீழே கிடக்கும். வெள்ளையணுக்களில் இதே குழப்பம் எதிர்ப்பக்கமாக நடக்கும். மூன்று மாதக் குழந்தைக்கு மொத்த வெள்ளையணு 9000, அதில் லிம்போசைட் 20 சதவீதம் என்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் 1800. பெரியவருக்கு அது சரியான எண், ரிப்போர்ட்டும் நார்மல் என்றே சொல்லும். கைக்குழந்தைக்கு 3000க்குக் கீழே போனாலே எதிர்ப்பு மண்டலத்தின் கடுமையான பிறவிக் குறையைச் சந்தேகிக்க வேண்டும். இந்தப் பெருக்கலைச் செய்யாமல் நழுவிப் போகும் குழந்தைகளை நினைத்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

இன்னொன்று. ஆஸ்பத்திரியில் இருந்தபோது ஈரல் பரிசோதனை எடுத்திருப்பார்கள். அந்தத் தாளில் மொத்தப் புரதம், அல்புமின் என்று இரண்டு எண்கள் இருக்கும். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் குளோபுலின். அல்புமின் சரியாக இருந்து குளோபுலின் மட்டும் மிகக் குறைந்திருந்தால், ஆன்டிபாடி இல்லை என்ற செய்தி பல மாதங்களாக உங்கள் பீரோவிலேயே இருந்திருக்கிறது என்று அர்த்தம். பழைய ஃபைலை எடுத்துப் பாருங்கள்.

ஐஜிஜி குறைவு என்று வந்தால் அடுத்தது ஃப்ளோ சைட்டோமெட்ரி. ஆன்டிபாடியைத் தயாரிக்கும் பி அணுக்கள் ரத்தத்தில் இருக்கின்றனவா என்று அதில் எண்ணிவிடலாம். பி அணுக்கள் கிட்டத்தட்ட இல்லை என்றால் பிடிகே மரபணுவைப் பார்க்கச் சொல்வார்கள். இந்த ரத்தத்தையெல்லாம் இம்யூனோகுளோபுலின் (மற்றவர்கள் ரத்தத்திலிருந்து பிரித்த ஆன்டிபாடி) ஏற்றுவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். ஏற்றிய பிறகு ஐஜிஜி பார்த்தால் வேறு யாருடைய ஆன்டிபாடியையோ அளந்துகொண்டிருப்போம். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் தொடங்கலாம். சென்னை எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை, வேலூர் சிஎம்சி ஆகியவையும் உண்டு. சிக்கலான நோய்கள் என்றால் நாட்டில் இதற்கென்றே பேர் போன இடங்கள் சண்டிகர் பிஜிஐ, மும்பையில் ஐசிஎம்ஆரின் இம்யூனோஹெமட்டாலஜி நிறுவனம்.

இதைப் படிக்கும் மற்ற பெற்றோர் இப்போதே பதற வேண்டாம். நர்சரிக்குப் போகும் குழந்தைக்கு வருஷத்தில் எட்டு, பத்து முறை சளி பிடிப்பது சாதாரணம். காய்ச்சல் மூன்று நாள், இருமல் இரண்டு வாரம், நடுவில் நன்றாகச் சாப்பிட்டு எடை கூடி ஓடி விளையாடினால் அந்தக் குழந்தையின் எதிர்ப்பு மண்டலம் வேலை செய்கிறது. அமெரிக்காவின் ஜெஃப்ரி மோடல் அறக்கட்டளை வெளியிட்ட பத்து எச்சரிக்கைக் குறிகளை குழந்தை மருத்துவர்கள் சிலர் சுவரில் ஒட்டி வைத்திருப்பார்கள். வருஷத்தில் நான்கு முறையோ அதற்கு மேலோ காதுத் தொற்று, இரண்டு நிமோனியா என்று போகும் பட்டியல். நல்ல பட்டியல்தான், ஆனால் பத்தும் சம எடை உள்ளவை அல்ல. குடும்பத்தில் இதே போன்ற நோய், நரம்பு வழி ஆன்டிபயாடிக் போட்டால்தான் அடங்கும் கடுமையான தொற்று, எடை கூடாமை — இந்த மூன்றுக்குத்தான் நான் உடனே நிமிர்ந்து உட்காருவேன். உங்கள் மகனிடம் மூன்றும் இருக்கின்றன.

அந்தச் சுவரொட்டியில் இல்லாத சில குறிகளும் நம் ஊரில் முக்கியம். பிறந்தவுடன் இடது தோளில் பிசிஜி போடுகிறோம். அந்த இடம் புண்ணாகி ஆறாமல் பெரிதாகிக்கொண்டே போவது, அக்குளில் நெறி கட்டி உடைந்து வடிவது, அதோடு குழந்தை இளைப்பது: இவை சேர்ந்தால் உயிருள்ள தடுப்பூசிக் கிருமியைக்கூட அடக்க முடியாத குழந்தை என்று சந்தேகிக்க வேண்டும். அக்குளில் சின்னதாக நெறி கட்டுவது மட்டும் என்றால் பெரும்பாலும் தானே சரியாகிவிடும். தொப்புள் கொடி ஒன்றிரண்டு வாரத்தில் விழ வேண்டும். ஒரு மாதமாகியும் விழாமல், சுற்றிலும் சிவந்து, ஆனால் சீழே பிடிக்காமல் இருந்தால், வெள்ளையணுக்கள் ரத்தக் குழாயை விட்டு வெளியே வர முடியாத ஒரு நோய் உண்டு. ஈரலில் சீழ்க்கட்டி வந்த குழந்தைக்கு, கட்டியை வடித்ததோடு நிறுத்தாமல், வெள்ளையணுக்களால் கிருமியைக் கொல்ல முடிகிறதா என்று பார்க்கும் டிஎச்ஆர் என்ற சோதனையும் செய்ய வேண்டும். உடம்பெல்லாம் கரப்பான், மலத்தில் ரத்தம், தட்டணுக்கள் குறைவு மூன்றும் ஓர் ஆண் குழந்தைக்குச் சேர்ந்து வந்தால் விஸ்காட் ஆல்ட்ரிச் நோய். பிறந்த சில நாட்களில் கால்சியம் குறைந்து வலிப்பு, கூடவே இதயத்தில் ஓட்டை என்றால் தைமஸ் சுரப்பி சரியாக உருவாகாத டிஜார்ஜ் நோய். வெள்ளி நிறத்தில் முடியோடு பிறந்து அடிக்கடி காய்ச்சல் வரும் குழந்தையை, 'வெள்ளைக்காரன் மாதிரி இருக்கிறான்' என்று கொஞ்சிவிட்டு அனுப்பிவிடக் கூடாது.

'பிரைமரி காம்ப்ளக்ஸ்' பற்றியும் சொல்ல வேண்டும். காசநோய் இங்கே நிஜமாகவே அதிகம், குழந்தைகளிடம் கிருமியைக் காட்டி நிரூபிப்பதும் கடினம். அதனால் சந்தேகத்தில் மருந்து தொடங்குவதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் முழுதாக ஆறு மாதம் மருந்து சாப்பிட்ட குழந்தைக்கு அடுத்த மாதமே நெஞ்சில் சீழ் கட்டினால், அங்கே நின்று யோசிக்க வேண்டும். பெரியவர்களுக்கும் இது பொருந்தும். சில குறைகள் இருபது, முப்பது வயதில்தான் தலைகாட்டும். வருஷா வருஷம் சைனஸ், நுரையீரல் தொற்று என்று அலைந்து, கிருமியே காணாமல் இரண்டு மூன்று முறை டிபி மருந்து சாப்பிட்டவர்கள் ஒரு முறையாவது ஐஜிஜி பார்த்துக்கொள்ளலாம்.

சரி, சொந்தத்தில் கட்டியதால் வந்ததா? சொந்தத் திருமணத்தால் சில பிறவி நோய்கள் கூடும் என்பது உண்மை. அப்பா, அம்மா இருவரிடமும் ஒரே பழுதான மரபணு ஒளிந்திருந்து, இரண்டும் குழந்தையிடம் சேரும்போது வரும் நோய்கள் அவை. நான் மேலே சொன்ன தொப்புள் கொடி விழாத நோய் அப்படிப்பட்டது. தாய்மாமனைக் கட்டினால் அந்த வாய்ப்பு இன்னும் அதிகம். ஆனால் உங்கள் வீட்டு வரலாற்றில் நான் பார்ப்பது வேறு. ஆண் குழந்தைக்கு எக்ஸ் குரோமோசோம் அம்மாவிடமிருந்து மட்டும்தான் வரும். நோய் அதில் இருந்தால், நீங்கள் அத்தை மகனுக்குப் பதில் அமெரிக்கக்காரரைக் கட்டியிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். பரிசோதனையில் வேறு வகை என்று தெரிந்தால் இந்தக் கணக்கு மாறும். அப்போது மரபணு ஆலோசகர் விளக்குவார்.

முடிவு வரும்வரை மகனுக்குச் சொட்டு மருந்து உட்பட எந்த உயிருள்ள தடுப்பு மருந்தும் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். போலியோ சொட்டு மருந்து நாளில் வீட்டுக்கு வருபவர்களிடம் சொல்லிவிடுங்கள். வீட்டில் வேறு சின்னக் குழந்தை இருந்தால் அதற்கும் சொட்டு மருந்துக்குப் பதில் போலியோ ஊசி போட முடியுமா என்று கேளுங்கள்; சொட்டு மருந்தின் வைரஸ் மலத்தின் வழியாக இவனுக்குத் தொற்றலாம். இதைப் படித்துவிட்டு ஆரோக்கியமான குழந்தைக்குத் தடுப்பூசியை நிறுத்துபவர்கள் இருந்தால், அவர்கள் நான் சொன்னதற்கு நேர் எதிராகச் செய்கிறார்கள். காய்ச்சிய நீர், வெந்த உணவு, காய்ச்சல் என்றால் அன்றே டாக்டர் என்று மகனைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

புரூட்டன் நோய் என்றே உறுதியானால், மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒரு முறை இம்யூனோகுளோபுலின் ஏற்ற வேண்டும், வாழ்நாள் முழுக்க. கிலோவுக்கு 400 முதல் 600 மில்லிகிராம் வரை. உங்கள் மகன் எடைக்கு ஒரு தடவைக்கு நான்கைந்து கிராம். வளர வளர அளவும் செலவும் கூடும். அதை மறைத்துப் பயனில்லை. ஆனால் நுரையீரல் கெடுவதற்கு முன் தொடங்கி ஒழுங்காகப் போட்டுக்கொண்டவர்கள் படித்து, வேலைக்குப் போய், கல்யாணம் செய்து வாழ்கிறார்கள். வேறு சில நோய்களுக்கு எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சையே தீர்வு. மிகக் கடுமையான வகையான 'சிட்' நோயில், மூன்றரை மாதத்துக்குள் மாற்று சிகிச்சை செய்த குழந்தைகளில் பத்துக்கு ஒன்பதுக்கும் மேல் பிழைத்ததாக 2014இல் அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. மத்திய அரசின் 2021ஆம் ஆண்டு அரிய நோய்கள் கொள்கையில் சிட், விஸ்காட் ஆல்ட்ரிச் போன்றவை இடம்பெற்றிருக்கின்றன. அரசு அங்கீகரித்த மையங்கள் வழியாக 50 லட்சம் ரூபாய் வரை உதவி கிடைக்க வழியிருக்கிறது. நோய்க்குச் சரியான பெயர் கிடைத்த பிறகுதான் இந்தக் கதவுகளைத் தட்ட முடியும்.

கடைசியாக உங்கள் தங்கை. அம்மா இந்த மரபணுவைச் சுமப்பவர் என்றால், தங்கையும் சுமப்பதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அவரும் சுமந்தால், பிறக்கும் ஒவ்வொரு ஆண் குழந்தைக்கும் மறுபடி பாதிக்குப் பாதி. பெண் குழந்தை என்றால் நோய் வராது. வயிற்றில் இருப்பது என்ன குழந்தை என்று பார்த்துச் சொல்லும்படி யாரையும் கேட்க வேண்டாம். சட்டப்படி குற்றம், இந்த மாதத்தில் அதனால் மருத்துவப் பயனும் இல்லை.

செய்ய வேண்டியது வேறு. மரபணு முடிவு வருவதற்குப் பல வாரங்கள் பிடிக்கும். உங்கள் மகனின் ரத்தத்தை இந்த வாரமே கொடுத்தால், தங்கையின் பிரசவத்துக்குள் பழுது எந்த இடத்தில் என்று தெரிந்துவிடலாம். பிறகு அந்த ஓர் இடத்தை மட்டும் தங்கையிடமும் குழந்தையிடமும் பார்த்தால் போதும். முடிவு வராவிட்டாலும், ஆண் குழந்தை பிறந்தால் சில நாட்களுக்குள் சிபிசியும் பி அணுக்களின் எண்ணிக்கையும் பார்க்கச் சொல்லுங்கள். ஐஜிஜி பார்த்துப் பயனில்லை, அது அம்மாவுடையதாகத்தான் இருக்கும். தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம். ஹெபடைடிஸ் பி ஊசி உயிருள்ள தடுப்பூசி இல்லை, அதைத் தள்ளிப்போட வேண்டாம்.

பிரசவ வார்டில் பிசிஜியும் சொட்டு மருந்தும் வழக்கப்படி டிஸ்சார்ஜுக்கு முன் போட்டுவிடுவார்கள். அங்கிருக்கும் நர்சுக்கு உங்கள் குடும்பக் கதை தெரியாது. அதனால் தங்கையின் கர்ப்ப கால அட்டையின் முன்பக்கத்திலேயே சிவப்பு மையில் எழுதச் சொல்லுங்கள்: 'தாய்வழியில் ஆண் குழந்தைகள் தொற்று நோயால் இறந்துள்ளனர். குழந்தை ஆண் என்றால், குழந்தை நல மருத்துவரைக் கேட்ட பிறகே பிசிஜி, போலியோ சொட்டு மருந்து.' பிரசவத்துக்குக் கூடப் போகும் உங்கள் அம்மாவிடமும் இதை வாயால் ஒரு முறை சொல்லி வையுங்கள். அட்டையை வீட்டில் மறந்துவிட்டுப் போகும் நாளும் உண்டு.